நான் தின்னாத மாத்திரை

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், என்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. செல்வராணி பல வருஷமாக யாருக்கும் தெரியாமல் ஏதோ மாத்திரை தின்றாளாம், அதனால்தான் புற்றுநோய்க்குப் போட்ட பெரிய ஊசி அவள் உடம்பில் பிடிக்கவில்லையாம். இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. குழாயடியில் நான் குடத்தை வைத்ததும் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும். இப்போது சிகிச்சைக்கு நடுவே எனக்கு மூன்று வாரம் ஓய்வு. கொழுந்து எடுக்கப் போக முடியாது, அடுப்புப் புகை பட்டால் இருமல் வருகிறது, சும்மா உட்கார்ந்தால் கண்டதையும் நினைக்கத் தோன்றுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கே புரியாத இடங்கள் இதில் நிறைய உண்டு. அவற்றைப் புரிந்ததுபோல எழுதப்போவதில்லை.

கேரளத்தில் பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள் நான். வயது நாற்பத்தேழு. என் வீட்டுக்காரர் முருகேசன் அதே எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். ஒரே மகள், கம்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நான் பீடிப் புகையை ஊதியவள் இல்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு நுரையீரலில் கட்டி என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

மழைக்காலத்தில் இருமல் வந்தது. மலையில் மழைக்கு இருமாதவர் யார்? எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து சளியில் நூல்போல ரத்தம் வந்ததும் ஒரு சீட்டு எழுதி தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் வலது பக்கம் வெள்ளையாக ஒரு உருண்டை. அதைப் பார்த்தவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் முருகேசனைத் தனியே கூப்பிட்டார்கள். அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்ல யாரும் புருஷனைத் தனியே கூப்பிடுவதில்லை.

மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடிகாலை அரசு பஸ், நான்கு மணி நேர வளைவு, இறங்கும்போதே தலை சுற்றும். பிறகு டோக்கன், டோக்கனுக்கு ஒரு டோக்கன். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகு வழியாக நீள ஊசி விட்டு கட்டியிலிருந்து அரிசி முனை அளவுக்குச் சதை எடுத்தார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. அதன் முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் எனக்கு இருந்தது பயம்கூட இல்லை, ஒரு மாதிரி மந்தம். சோற்றில் உப்பு போட்டேனா என்று தெரியாமல் மறுபடியும் போட்டு, முருகேசன் அதையும் முகம் சுளிக்காமல் தின்றார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த மனிதர் என் சமையலைக் குறை சொல்லாத வாரங்கள் அந்த இரண்டுதான்.

கட்டி புற்றுதான் என்று முடிவு வந்தது. அறுக்க முடியாத இடத்தில் இருந்தது. எனக்கு வாய்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். கோயம்புத்தூரில் படித்தவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்துப் படம் போட்டுச் சொன்னார்.

நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்கள் உண்டு. அவற்றில் டி செல் என்று ஒரு வகை. உடம்புக்கு ஆகாததைக் கண்டால் கொல்வதுதான் அதற்கு வேலை. கண்டபடி கொல்லாமலிருக்க அதற்கு ஒரு பிரேக்கும் வைத்திருக்கிறது உடம்பு. சில கட்டிகள் அந்தப் பிரேக்கைத் தாங்களே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். செல் பக்கத்தில் வந்தாலும் சும்மா நிற்கும். எனக்குத் தரப்போகும் மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கும். இம்யூனோதெரபி என்பார்கள். என் கட்டியின் சோதனையில் அந்தப் பிரேக் அடையாளம் நிறைய இருந்ததால் இந்த மருந்து மட்டுமே போதும், முடி கொட்டும் மருந்து இப்போது வேண்டாம் என்றார்.

"அப்ப மருந்து கட்டியக் கொல்லாதா மேடம்?"

"இல்ல சேச்சி. கொல்லுறது நிங்கள்தான். மருந்து வழி விடும், அத்ரதான்."

நான் யாரையும் அடித்தது கிடையாது, கொல்வது எப்படி என்று யோசித்தேன். பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "வேற எந்தெங்கிலும் மருந்து சாப்பிடுறீங்களா? தினசரி மாத்திரை?"

"இல்ல."

"இந்த ரெஃபரல் சீட்டில ஆஸ்துமான்னு எழுதியிருக்கே?"

"அதெல்லாம் இல்ல மேடம். இருமலப் பாத்துட்டு எழுதிருப்பாரு."

நான் சொன்னது இரண்டுமே நிஜம். எனக்கு ஆஸ்துமா இல்லை, மாத்திரையும் தின்னவில்லை. ஆனால் டிஸ்பென்சரிப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே ஆஸ்துமா இருந்தது, மாத்திரையும் இருந்தது. அது ஏன் என்று இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்த வீட்டில் இருப்பவர் பேச்சியக்கா. முப்பது வருஷத்துக்கு மேல் இதே மலையில் கொழுந்து எடுத்து ரிட்டையர் ஆனவர். மகன் திருப்பூரில். அவருக்கு இழுப்பு உண்டு, பனி இறங்கினால் மூச்சு விசிலடிக்கும். வேலையில் இருந்தவரை டிஸ்பென்சரியில் சின்ன வெள்ளை மாத்திரை தருவார்கள், தின்றால் மூச்சு இலேசாகும். ரிட்டையர் ஆன அன்றோடு அவர் அட்டை மூடிப்போனது. மருந்து, மஸ்டர் என்கிற வேலையாள் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். இழுப்பு மட்டும் ரிட்டையர் ஆகவில்லை. அதனால் மஸ்டரில் பெயர் உள்ள ஒருத்தி தன் பேரில் வாங்கிக் கொடுப்பது எங்கள் எஸ்டேட்டில் வழக்கம். பிரஷர் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை எல்லாம் இப்படித்தான் கைமாறும். கம்பவுண்டர் நல்ல மனிதர், அவர் பெயரை எழுதமாட்டேன். அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார், மாத்திரையைத் தருவார், புத்தகத்தில் எழுதுவார். ஆறு வருஷமாக மாதம் ஒரு தடவை நான் இழுப்புக்காரியாக இருந்தேன்.

இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்லப்போனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அந்த மாத்திரை என் நினைவுக்கே வரவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கிக் கொடுத்ததை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?

ஊசி ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, கையில் டிரிப்பாக அரை மணி நேரம். மருந்து ஆஸ்பத்திரி வழியாக ஒரு உதவித் திட்டத்தில் கிடைத்தது. கிடைக்காவிட்டால் அதன் விலைக்கு நாங்கள் எங்கே போவோம்? பக்கத்து நாற்காலியில் சக்குபள்ளத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பழைய மருந்து, வாந்தி, மொட்டைத் தலை. எனக்கோ கொஞ்சம் அசதி, தோலில் அரிப்பு, வேறொன்றும் இல்லை. அவர் முன்னால் உட்காரவே கூச்சமாக இருந்தது.

லயத்தில் என் கொண்டையைப் பார்த்து எல்லோருக்கும் சந்தேகம்.

"முடி கொட்டாத கேன்சரு எங்கயாச்சும் உண்டா ஏட்டி? ஒன்ன ஏமாத்திப்பிட்டானுவ," என்றார் பேச்சியக்கா.

கிண்டல் பேசினாலும் அந்த மாதங்களில் என்னைப் பார்த்துக்கொண்டது அவர்தான். முருகேசன் ஷிப்டுக்குப் போனதும் கஞ்சி கொண்டுவருவார். என் துணியை அலசிப் போடுவார். எதிர்ப்புச் சக்தி கூட வேண்டும் என்று யாரோ சொல்ல, தினமும் நான்கு நெல்லிக்காய் எங்கிருந்தோ பறித்துக்கொண்டு வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மகள் போனில் மஞ்சள்பால் என்பாள், சம்பந்தியம்மா கருஞ்சீரகம் என்பார். எல்லாம் எதிர்ப்புச் சக்திக்கு. நானும் தின்றேன், குடித்தேன். உள்ளே என் ஆட்கள் பலமாகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஊசி முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பெரிதாகியிருந்தது. டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சில பேருக்கு மருந்து வேலை செய்யும்போதும் முதலில் கட்டி பெரிதாகத் தெரியலாம், எதிர்க்கும் செல்கள் உள்ளே கூட்டமாகப் போவதால் வரும் வீக்கம் அது என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் உங்கள் படத்தில் புதிதாக இன்னொரு புள்ளியும் இருக்கிறது, அதனால் அப்படித் தோன்றவில்லை என்றார். வந்த உயிர் போனது. பெரிதானால் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம் என்றால் மனுஷி எதைப் பிடித்துக்கொள்வது?

"மருந்து பிடிக்காததுக்கு ஒரு காரணம் இருக்கும். பழைய ரெக்கார்ட் எல்லாம் கொண்டுவாங்க. எஸ்டேட் டிஸ்பென்சரியில உள்ளதும்," என்றார்.

முருகேசன் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். கம்பவுண்டரிடம் போய், புத்தகத்தில் என் பெயர் உள்ள பக்கங்களை எல்லாம் கேட்டு வாங்கி, ஏலப்பாறையில் ஜெராக்ஸ் எடுத்து, வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்தார். என்ன கொண்டுவருகிறோம் என்று யோசிக்கவில்லை. அடுத்த வாரம் டாக்டர் அந்தத் தாள்களைப் புரட்டினார். பாதியில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"சேச்சி, ஆறு வருஷமா ஸ்டீராய்டு எடுத்திருக்கீங்க!"

எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. டாக்டர் மாத்திரையின் பெயரைச் சொன்னார், அதுவும் தெரியாது. "சின்ன வெள்ளை மாத்திரை, கசக்கும்" என்றதும் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் திட்டு விழுந்தது. எத்தனை தடவை கேட்டேன், இல்லை இல்லை என்றீர்களே, நாங்கள் இங்கே பிரேக்கை விடுவிக்க விடுவிக்க நீங்கள் வீட்டுக்குப் போய் அதே பிரேக்கைப் போட்டிருக்கிறீர்களே என்றார். இழுப்பு உள்ளவர்களுக்கு எதிர்ப்புச் செல்கள் மூச்சுக் குழாயில் வேண்டாத சண்டை போடும், ஸ்டீராய்டு அவற்றைத் தூங்கவைக்கும், அதனால் மூச்சு இலேசாகும். ஆனால் கட்டியோடு சண்டை போட வேண்டிய செல்களும் சேர்ந்து தூங்கிவிடும். இதுதான் அவர் சொன்னது.

திட்டி முடித்ததும் அவர் முகம் மாறியது. சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. "பேடிக்கண்டா, பயப்படாதீங்க. காரணம் கிடைச்சிருச்சு. இந்த மாத்திரைய நிறுத்திட்டு இன்னும் ரெண்டு ஊசி போட்டுப் பார்க்கலாம். சான்ஸ் உண்டு."

நான் முருகேசனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். 'அது நான் தின்னவில்லை' என்ற மூன்று சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் காரணம் போய்விடும். காரணம் போனால் அந்த இரண்டு ஊசியும் போய்விடும். பேசாமல் இருந்தேன்.

அதோடு விடவில்லை டாக்டர். பல வருஷம் தின்ற ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார். நம் உடம்பு தானே அந்தச் சத்தைக் கொஞ்சம் சுரக்கும். வெளியிலிருந்து தினமும் வந்தால் உடம்பு அந்த வேலையை மறந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வாந்தி வரும், பிரஷர் இறங்கும், ஆளே சாய்ந்துவிடுவார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தின்ன ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார். நான் ஒருநாளும் தின்னாத மாத்திரையை எப்படிக் குறைத்துத் தின்பது என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள்! டிஸ்பென்சரிக்கும் ஒரு கடிதம். இந்த நோயாளிக்கு இனி ஸ்டீராய்டு தரக்கூடாது, மாத்திரையை நாங்களே தருகிறோம் என்று.

பஸ்ஸில் ஏறியதும் முருகேசன் வாயைத் திறந்தார்.

"நீ ஒண்ணும் பேசாத. டாக்டரே காரணம் கண்டுபிடிச்சிட்டாக. ஊசி நடக்கட்டும்."

"அது பொய்ல்லாங்க."

"பொய் நாம சொன்னமா? புஸ்தகத்துல கெடக்கு, அவுக வாசிச்சாக. நீ பாட்டுக்கு இரி."

"பேச்சியக்காளுக்கு மாத்திர?"

"கம்பவுண்டரு வேற எவ பேர்லயாச்சும் எழுதிக்குவாரு. அது ஒரு காரியமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக யாராவது வந்திருப்பார்களா என்று தெரியாது. குட்டிக்கானத்தில் பஸ் நின்றபோது இரண்டு பழம்பொரி தின்றேன். ஒருவேளை அந்த மாத்திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் கொடுத்ததிலேயே என் உடம்பிலும் கொஞ்சம் இறங்கியிருக்குமோ என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள். பிழைக்க ஆசை வந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

மாத்திரை அட்டையைத் தகரப்பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன். தின்னவில்லை. பதினோரு நாள் போனது. பேச்சியக்கா என் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது, பிறகு நின்றது. கவனித்தேன். காய்ச்சலாம், வாயுவாம் என்று சொன்னார்கள். எழுந்து பதினைந்து அடி நடந்து போய்ப் பார்க்கவில்லை. அடுத்த ஊசி எப்போது, கட்டி கரையுமா என்பதிலேயே என் மனம் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அவர் வீட்டு வாசல் கூட்டாமல் கிடந்தது. உள்ளே போனேன். பேச்சியக்கா பாயில் சுருண்டு கிடந்தார். முகம் வெளுத்து, நெற்றி ஜில்லென்று வியர்த்து, பக்கத்தில் வாந்தி எடுத்த சட்டி. எழுந்து உட்காரப் பார்த்து அப்படியே சாய்ந்தார்.

"என்னக்கா, என்ன செய்யுது?"

"ஷீணம் ஏட்டி, ஒடம்பு தளந்துபோச்சு. நிக்க மாட்டேங்கி. கண்ணு இருட்டுது."

"மாத்திர தின்னீகளா? அந்த வெள்ள மாத்திர?"

"கையில இருந்தது தீந்து பத்து நாளாச்சே. பெரிய ஆசுபத்திரியில இருந்து லெட்டர் வந்துச்சுன்னு கம்பவுண்டரு பயந்துட்டாரு. இனி எவ பேர்லயும் கெடையாதுன்னுட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயே ஒடம்புக்கு முடியாம கெடக்க. ஒங்கிட்ட வந்து எம் மாத்திரயப் பேசவா?"

வாந்தி வரும், பிரஷர் இறங்கும், ஆளே சாய்ந்துவிடுவார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது எல்லாம் என் கண்முன்னால் பாயில் கிடந்தது. எனக்காகச் சொன்ன எச்சரிக்கை, எனக்காக எழுதிய கடிதம். நான் ஓடினேன். ஓடக்கூடாத நுரையீரலை வைத்துக்கொண்டு ஓடி, புடவைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துவந்து, ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்தேன். இப்படியே யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் மாத்திரையும் தண்ணீரும் சட்டிக்கு வந்தன. இன்னொன்று கொடுத்தேன். அதுவும் வந்தது.

முருகேசன் ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு வந்தார். நான் போனை எடுத்ததும் என் கையைப் பிடித்தார்.

"யாருக்குப் போடுத?"

"மேடத்துக்கு."

"செல்வி, ஜீப்பு கூப்புடுவோம், தாலுக்கா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவோம். அங்க பாத்துக்குவாக. மேடத்துக்குப் போட்டா ஒன் ஊசி போச்சு."

"அங்க போய் என்னன்னு சொல்லுவீக? வாயுன்னா?"

அவர் கையை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பேச்சியக்காவைவிட நான் அவருக்குப் பெரிசு, அவ்வளவுதான். நான்தான் கையை உருவிக்கொண்டேன்.

ஃபைலில் இருந்த நம்பரில் முதலில் நர்ஸ் பேசினார். பத்து நிமிஷத்தில் டாக்டர் கூப்பிட்டார். வாந்தி, மயக்கம், மாத்திரை நின்று பத்து நாள் என்று நான் மூச்சுவாங்கிச் சொன்னதும் அவர் பதறிவிட்டார்.

"சேச்சி, நான் பறஞ்சதல்லே, நிறுத்தக்கூடாதுன்னு! இப்ப எங்க இருக்கீங்க? கிடந்துக்கோங்க, நடக்கக்கூடாது!"

"எனக்கில்ல மேடம்."

"எந்தா?"

"மாத்திர தின்னது நான் இல்ல. ஒருநாளும் தின்னதில்ல. எம் பேர்ல வாங்கி அடுத்த வீட்டு அக்காளுக்குக் கொடுத்தேன். அவுகதான் கெடக்காக."

  டாக்டர் வேறொரு குரலில், அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உடனே ஜீப்பில் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஆறு வருஷம் ஸ்டீராய்டு எடுத்தவர், பத்து நாளாக நின்றுபோனது என்று முதல் வாக்கியமே அதுவாக இருக்கணும். மாத்திரை தங்காது, ஊசியாகப் போடணும். அங்குள்ள டாக்டரிடம் நானே பேசுகிறேன்.

ஜீப்பில் பேச்சியக்காவின் தலை என் மடியில். முருகேசன் முன்னால் உட்கார்ந்து வந்தார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கியதும், "ஆறு வருசம் ஸ்டீராய்டு தின்ன ஆளு, நின்னு பத்து நாளாச்சு," என்று சத்தமாகச் சொன்னது அவர்தான். ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். நாலு மணிக்கு அக்காவின் முகத்தில் நிறம் திரும்பியது. ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "இங்க டீ கெடைக்குமா? கடுப்பமா, சாயம் தூக்கலா போடச் சொல்லு," என்றார். நான் வெளியே வராந்தாவுக்குப் போய் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினேன்.

இப்போது அவருக்கு அங்கேயே அவர் பெயரில் அட்டை இருக்கிறது. மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து கொடுத்து மாத்திரையை மெல்லக் குறைத்துவருகிறார்கள். கம்பவுண்டரைப் பற்றி யாரும் யாரிடமும் புகார் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடையில் தாளைப் பார்த்த யாரோதான் லயத்தில் கதையைக் கிளப்பியிருக்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். அடுத்த முறை போனபோது ஊசி போடவில்லை. டாக்டர் திட்டவும் இல்லை. மறுபடியும் முதுகில் நீள ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். ஸ்டீராய்டு இல்லையென்றால் மருந்தை மறித்தது எது என்று கட்டிக்குள்ளேயே பார்க்க வேண்டும் என்றார். மறுபடியும் இரண்டு வாரம். இந்த முறை முருகேசன் சோற்றில் உப்பில்லை என்று சொன்னார். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் மறுபடியும் காகிதத்தில் படம் போட்டார். நடுவில் கட்டி. சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள், அவை டி செல்கள். மருந்து அவற்றின் பிரேக்கை விடுவித்துவிட்டது, அவை கட்டிவரைக்கும் வந்தும்விட்டன. ஆனால் உள்ளே போக முடியாமல் ஓரத்திலேயே நிற்கின்றன. ஏனென்றால் கட்டிக்குள் இன்னொரு வகைச் செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. பெரிய புள்ளிகளாகப் போட்டார். பெயர் மேக்ரோஃபேஜ். இவையும் எதிர்ப்புச் செல்கள்தான். அழுக்கைத் தின்பதும் புண்ணை ஆற்றுவதும் இவற்றின் வேலை. கட்டி இவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆறாத புண் என்று நம்பவைத்துவிடும். அப்புறம் இவை கட்டிக்கு ரத்தக் குழாய் கொண்டுவந்து கொடுக்கும், அது வளரத் தேவையானதைச் சுரக்கும், டி செல்களை வரவிடாமல் அடக்கிவைக்கும்.

"எஸ்டேட்டில வாச்சர் உண்டல்லோ? காவலுக்கு வெச்ச வாச்சரே திருடனுக்குச் சோறு போட்டா எப்படி? அதுபோல."

"அந்த வாச்சரு யாரோட ஆளு மேடம்? கட்டியோட ஆளா?"

"நிங்கள்ட ஆளுதான். நிங்கள்ட ரத்தத்தில இருந்து போனது."

 கட்டியும் என் சதைதான் என்கிறார்கள். அதைக் கொல்ல நிற்பதும் நான். அதற்குச் சோறு போடுவதும் நான். வாசலில் காத்து நிற்பதும், கதவை அடைத்துப் பிடிப்பதும் நான். அப்படியானால் பேச்சியக்கா தந்த நெல்லிக்காயை எல்லாம் தின்று நான் யாருக்குப் பலம் கொடுத்தேன்? அதையும் கேட்டேன். நெல்லிக்காய் தின்னலாம், அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்றார் டாக்டர். அதுவும் எனக்குப் புரியவில்லை.

அந்த வாச்சர்களைத் திருத்துகிற மருந்து உண்டா என்று முருகேசன் கேட்டார். ஆராய்ச்சியில் இருக்கிறது, கையில் கொடுக்கும்படி இன்னும் வரவில்லை என்றார். இம்யூனோதெரபியை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, முடி கொட்டுகிற பழைய மருந்தும் கதிர் வைத்தியமும் தரலாம். அதில் கட்டி அடங்கலாம். எவ்வளவு அடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

பிறகு அவர் பேனாவை மூடி வைத்தார். ஜெராக்ஸ் தாள்கள் இன்னும் என் ஃபைலில் இருந்தன. அவற்றை உருவி எடுத்து முருகேசனிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு நான் ரொம்பத் திட்டிட்டேன், சேச்சி. மன்னிக்கணும். மருந்து பிடிக்காததில நிங்கள்ட பக்கம் ஒரு தெற்றும் இல்ல, ஒரு தப்பும் இல்ல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஊசி போட்ட நாளிலும் அழாதவள், ஸ்கேன் பார்த்த நாளிலும் அழாதவள், அந்த வார்த்தைக்கு அழுதுவிட்டேன்.

"எம் மேல தப்பு இருந்திருந்தா அத நிறுத்திருப்பேனே மேடம்," என்றேன்.